ஒரு டிகிரியும் ஒரு பவளத் தீவும்



ஒரு டிகிரி செல்சியஸ் என்பது பெரிய அளவா, சிறிய அளவா? காலையில் 27 டிகிரியாக இருக்கும் காற்றின் வெப்பநிலை நண்பகலில் 35 டிகிரியைத் தொடுகிறது. நாம் மின்விசிறியைச் சுழலவிட்டு நம் வேலையைப் பார்க்கிறோம். ஆனால் நம் உடலின் வெப்பநிலை 37 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்கு ஏறினால், அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் அடிக்கிறது, இன்றைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம்" என்கிறார். ஆகவே ஒரு டிகிரி பெரிதா, சிறிதா என்பது அது எந்தப் பொருளில் ஏறுகிறது, எவ்வளவு காலம் நீடிக்கிறது என்பதைப் பொறுத்தது.

கடலில் வாழும் பவளங்களுக்கு இந்த ஒரு டிகிரி உயிர்ப் பிரச்சினை. அதை முதன்முதலில் கவனமாக அளந்து காட்டியவர்களில் முக்கியமானவர்கள் ஒரு தீவுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள். அவர்கள் கண்டறிந்தவற்றையும், பவளங்களைக் காக்க அங்கே நடைபெறும் முயற்சிகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

தீவுக்குள் ஒரு தீவு

உலகப் படத்தை எடுத்துப் பசிபிக் பெருங்கடலின் நடுவே பாருங்கள். எந்தக் கண்டத்தோடும் ஒட்டாமல் தனியாகச் சிதறிக் கிடக்கும் ஹவாய்த் தீவுகள் தெரியும். அங்கிருந்து அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரைக்குச் செல்ல ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர் கடலைக் கடக்க வேண்டும். இவ்வளவு தனிமையில் இருப்பதால், அங்குள்ள பவளத் திட்டுகளில் வாழும் மீன் இனங்களில் ஏறத்தாழ கால் பங்கு உலகில் வேறெங்கும் காணப்படாதவை. அங்கே ஓர் இனம் அழிந்தால் வேறிடத்திலிருந்து கொண்டுவர வழியில்லை.

இத்தீவுகளுள் ஒன்றான ஓவாஹூவில் 1907ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது ஹவாய்ப் பல்கலைக்கழகம். அத்தீவின் வடகிழக்குக் கரையில் கனியோஹே என்ற விரிகுடா உண்டு. அதனுள் சுமார் 28 ஏக்கர் பரப்புள்ள ஒரு சிறு தீவு. ஹவாய் மக்கள் அதை மோகு ஓ லோயே என்கின்றனர். தென்னை மரங்கள் நிறைந்திருப்பதால் தேங்காய்த் தீவு என்றும் பெயர். பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் இங்குதான் இயங்குகிறது. ஆய்வுக்கூடத்தின் வாசலில் இறங்கினால் பவளத் திட்டு! இப்படிப்பட்ட வசதி உலகில் வெகு சில ஆராய்ச்சி நிலையங்களுக்கே உண்டு.

பவளம் கல்லா, உயிரா?

பவளத்தைப் பார்த்தால் கல்போல இருக்கும். உண்மையில் அது பாலிப் எனப்படும் சின்னஞ்சிறு விலங்குகளின் குடியிருப்பு. ஒவ்வொரு பாலிப்பும் கடல்நீரிலுள்ள பொருள்களிலிருந்து கால்சியம் கார்பனேட்டைப் பிரித்துத் தன்னைச் சுற்றிக் கிண்ணம்போல் வீடு கட்டிக்கொள்கிறது. நாம் பயன்படுத்தும் சுண்ணாம்புக் கல்லும் இதே பொருள்தான். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வீட்டின்மேல் வீடாக எழும்பியதே பவளத் திட்டு.

இவ்வளவு வேலை செய்ய உணவு வேண்டுமல்லவா? வெப்பமண்டலக் கடல்நீர் தெளிவாக இருக்கும். தெளிந்த நீரில் உணவு குறைவு. எனவே பாலிப் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டுள்ளது. அதன் உடலின் உள்ளே ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. பாலிப் அவற்றுக்கு இடமும் கரியமிலவாயுவும் தருகிறது. பாசி சூரிய ஒளியில் ஒளிச்சேர்க்கை செய்து, தான் தயாரித்த சர்க்கரையில் பெரும்பகுதியை வாடகையாகக் கொடுக்கிறது. பவளத்தின் பழுப்பு, பச்சை நிறங்களுக்குப் பெரிதும் காரணம் இப்பாசியே.

நீர் சூடேறினால் இந்த ஒப்பந்தம் முறிகிறது. வெப்பமும் கடும் ஒளியும் சேர்ந்து தாக்கும்போது பாசியின் ஒளிச்சேர்க்கைப் பொறி பழுதடைகிறது. செல்களைச் சேதப்படுத்தும் ஆக்சிஜன் சேர்மங்கள் உண்டாகின்றன. பாலிப் தன் குடித்தனக்காரரை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய், கண்ணாடி போன்ற உடலின் வழியே வெள்ளைச் சுண்ணாம்பு தெரிகிறது. இதுவே பவள வெளிறல். வெளிறிய பவளம் உடனே இறந்துவிடுவதில்லை. அது பட்டினி கிடக்கிறது. சில வாரங்களில் நீர் குளிர்ந்தால் பாசி திரும்பிப் பெருகும், பவளம் பிழைக்கும். குளிரவில்லையென்றால் மடியும்.

ஒரு டிகிரிக்கு எவ்வளவு ஆற்றல்?

இங்கே நாம் கொஞ்சம் இயற்பியல் படிப்போம். ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள ஒரு கனசதுரக் காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நிறை சுமார் 1.2 கிலோகிராம். ஒரு கிலோகிராம் காற்றை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 1,000 ஜூல் வேண்டும். ஆகவே நமக்குத் தேவை 1,200 ஜூல். 1,000 வாட் மின் அடுப்பு இதை 1.2 விநாடியில் கொடுத்துவிடும்.

இப்போது அதே அளவு கடல்நீர். நிறை சுமார் 1,025 கிலோகிராம். ஒரு கிலோகிராம் கடல்நீரை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 4,000 ஜூல் வேண்டும். பெருக்கினால் 41 லட்சம் ஜூல்! அதே அடுப்பு ஒரு மணி எட்டு நிமிடம் எரிய வேண்டும்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலப்படுகின்றன. முதலாவது, காற்றைப்போல் கடல் எளிதில் சூடாவதும் இல்லை, எளிதில் குளிர்வதும் இல்லை. ஏறத்தாழ மாறாத வெப்பநிலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து பழகிய உயிர் பவளம். இரண்டாவது, பரந்த கடல் ஒரு டிகிரி சூடாகியிருக்கிறது என்றால், அதற்குள் புகுந்த ஆற்றல் நம் கற்பனைக்கு எட்டாதது. புவி வெப்பமடைவதால் சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடலுக்குள்தான் போய்ச் சேர்கிறது.

1970இல் ஒரு தொட்டிச் சோதனை

ஓவாஹூவின் மேற்குக் கரையில் ஓர் அனல்மின் நிலையம் உண்டு. இயந்திரங்களைக் குளிரவைத்த வெந்நீர் அங்கிருந்து கடலில் விடப்பட்டது. இதனால் பவளங்களுக்கு என்ன கேடு என்று ஆராயப் புகுந்தனர் பால் ஜோக்கியல், ஸ்டீவ் கோல்ஸ் என்னும் இரு விஞ்ஞானிகள். புவி வெப்பமடைவதைப் பற்றிப் பொதுமக்கள் பேசத் தொடங்காத காலம் அது.

வெந்நீர் விழும் இடத்தைக் கவனித்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 1970ஆம் ஆண்டு தேங்காய்த் தீவில், கடல்நீர் இடைவிடாது ஓடும் தொட்டிகளை அமைத்து, வெவ்வேறு வெப்பநிலைகளில் பவளங்களை வைத்துப் பார்த்தனர். கோடைக்கால உச்ச வெப்பநிலைக்கு மேல் ஒன்றிரண்டு டிகிரி கூடி, அது சில வாரங்கள் நீடித்தாலே போதும், பவளங்கள் வெளிறின. 31 டிகிரி அளவில் வைத்த தொட்டியில் மூன்றே நாட்களில் மரணம் தொடங்கிவிட்டது.

வெப்பம் மிகுந்த மார்ஷல் தீவுகளில் வாழும் பவளங்களையும் சோதித்து, 1976இல் முடிவை வெளியிட்டனர். அவை ஹவாய்ப் பவளங்களைவிடக் கூடுதலான சூட்டைத் தாங்கின. ஆனால் அங்கும் கோடைக்கால வெப்பநிலைக்கும் மரண எல்லைக்கும் இடையே சில டிகிரி இடைவெளியே இருந்தது. குளிர்ந்த ஊரோ, வெப்பமான ஊரோ, எங்கும் பவளம் பள்ளத்தின் விளிம்பில்தான் நிற்கிறது என்பது தெளிவாயிற்று. இன்று செயற்கைக் கோள்கள் கடலின் வெப்பத்தை அளந்து, கோடை உச்சத்துக்கு மேல் ஒரு டிகிரி என்ற எல்லையைக் கொண்டே வெளிறல் எச்சரிக்கை தருகின்றன.

கழிவுநீர் விலகியது

சூடு மட்டும்தானா எதிரி? அல்ல. அந்நாளில் கனியோஹே விரிகுடாவுக்கு வேறொரு நோயும் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கரையோர மக்கள்தொகை பெருகியது. நகரின் கழிவுநீர் விரிகுடாவுக்குள் விடப்பட்டது. வயலுக்கு உரம் போட்டால் பயிரோடு களையும் செழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கழிவுநீரிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் கடலுக்கு உரமாயின. நீர் கலங்கியது. குமிழ்ப் பாசி என்னும் பச்சைப் பாசி கம்பளம்போல் படர்ந்து பவளங்களை மூடியது.

ஆய்வாளர்களின் அளவீடுகளும் மக்களின் வற்புறுத்தலும் பலன் தந்தன. 1977-78இல் கழிவுநீர் விரிகுடாவிலிருந்து விலக்கப்பட்டு, குழாய் மூலம் வெளியே ஆழ்கடலுக்குத் திருப்பப்பட்டது. சில ஆண்டுகளிலேயே நீர் தெளிந்தது. குமிழ்ப் பாசி குறைந்தது. பவளங்கள் மீண்டும் பரவின. கெட்டுப்போன கடலைத் திருத்த முடியும் என்பதற்கு இது உலகம் முழுவதும் எடுத்துக்காட்டப்படும் நிகழ்ச்சியாயிற்று.

47 ஆண்டுகளுக்குப் பின் அதே சோதனை

2017இல் ஸ்டீவ் கோல்ஸ் இளைய ஆராய்ச்சியாளர்களுடன் சேர்ந்து பழைய சோதனையைத் திரும்பச் செய்தார். அதே தீவு, அதே மூன்று பவள இனங்கள் (அரிசிப் பவளம், காளான் பவளம், சரிகைப் பவளம்), அதே 31 டிகிரி. முன்பு மூன்று நாட்களில் தொடங்கிய மரணம் இம்முறை அரிசிப் பவளத்தில் 15 நாட்களுக்குப் பிறகும், காளான் பவளத்தில் 17 நாட்களுக்குப் பிறகும், சரிகைப் பவளத்தில் 13 நாட்களுக்குப் பிறகுமே தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் பவளங்கள் ஓரளவு சூட்டுக்குப் பழகிவிட்டன!

இதற்குக் காரணம் என்ன? சூட்டைத் தாங்காதவை மடிந்து, தாங்குபவை எஞ்சியிருக்கலாம். இன்னொரு முக்கியமான காரணத்தையும் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். 1970இல் சோதிக்கப்பட்டவை கழிவுநீரில் வாழ்ந்த பவளங்கள். 2017இல் சோதிக்கப்பட்டவை சுத்தமான நீரில் வளர்ந்தவை. நோயாளி ஒருவரால் வெயிலைத் தாங்க முடியாது. ஆரோக்கியமானவர் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குவார். பவளத்துக்கும் இது பொருந்தும் போலும்.

ஆனால் இதைக் கேட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிட முடியாது. 2014, 2015 ஆகிய இரு ஆண்டுகளிலும் அடுத்தடுத்துக் கடல் சூடேறியபோது, ஹவாய்ப் பவளங்களில் சுமார் 34 சதவீதம் மடிந்தன. பவளம் பழகிக்கொள்ளும் வேகத்தைவிடக் கடல் சூடேறும் வேகம் அதிகம். சுத்தமான நீர் பவளத்துக்குக் கால அவகாசம் தருகிறது, அபயம் தருவதில்லை. இக்கட்டுரையில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இதுவே.

விருந்தாளியாக வந்த பாசி

விஞ்ஞானம் கவனக்குறைவாகவும் இருந்துவிடக் கூடும் என்பதற்கும் இத்தீவே சாட்சி. ஐஸ்கிரீம், பற்பசை முதலியவற்றைக் கெட்டியாக்கும் கராஜீனன் என்ற பொருளைத் தரும் கப்பாபைகஸ் என்னும் கடற்பாசியை, 1970களில் வளர்ப்புச் சோதனைக்காக வெளியிலிருந்து கொண்டுவந்து இங்கே நட்டனர். அது வேலி தாண்டிய ஆடுபோல் விரிகுடாவில் பரவிப் பவளங்களின்மேல் படர்ந்தது.

அதை அகற்றப் பல்கலைக்கழகமும், அரசும், ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து ஒரு கருவியை அமைத்தன. மிதவையின்மேல் ஒரு பம்பு. அதிலிருந்து கடலுக்குள் இறங்கும் தடித்த குழாய். முக்குளிப்போர் பாசியைக் கையால் பிய்த்துக் குழாயின் வாயில் கொடுக்க, அது மேலே உறிஞ்சப்படுகிறது. மேலே அதைப் பிரித்துப் பார்த்து, தவறி வந்த சிறு உயிர்களைக் கடலில் விட்டுவிடுகின்றனர். பாசி, சேப்பங்கிழங்கு பயிரிடும் உழவர்களுக்கு உரமாகப் போகிறது.

பிய்த்தெடுத்த இடத்தில் துணுக்குகள் மீண்டும் துளிர்க்குமே! அதற்கும் வழி கண்டனர். உடல் முழுதும் முட்கள் கொண்ட கடல் அர்ச்சின் என்னும் உயிரி பாசியை மேய்ந்து தின்னும். ஹவாய்க் கடலில் இயல்பாக வாழும் ஓர் அர்ச்சின் இனத்தை அரசுப் பண்ணையில் பொரித்து வளர்த்து, 2011 முதல் பல லட்சம் குஞ்சுகளை விரிகுடாவில் விட்டுவருகின்றனர். வெளிநாட்டுப் பாசியை ஒழிக்க இன்னொரு வெளிநாட்டு உயிரைக் கொண்டுவராமல், உள்ளூர் உயிரையே பயன்படுத்தியதைக் கவனியுங்கள்.

இதே பாசி நம் கடலுக்கும் புதிதல்ல. 1990களில் மண்டபம் பகுதியில் இதன் வளர்ப்பு தொடங்கியது. கடலோரக் குடும்பங்கள் பலவற்றுக்கு வருமானமும் தந்தது. ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் ஒன்றான குருசடைத் தீவில் அது பவளங்களின்மேல் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் 2008இல் அறிவித்தனர். ஹவாய் கற்ற பாடம் நமக்கும் பாடமே.

தாங்கும் பவளங்களைத் தேடி

வெளிறல் காலத்தில் கனியோஹே விரிகுடாவில் ஒரு விந்தையைக் காணலாம். அருகருகே நிற்கும் ஒரே இனத்துப் பவளங்களில் ஒன்று வெள்ளையாய் வெளிறியிருக்கும். மற்றொன்று நிறம் மாறாமல் நிற்கும். நிற்பவற்றைத் தேர்ந்து பெருக்கினால் என்ன? உழவர்கள் நல்ல விதை நெல்லை ஒதுக்கி வைப்பது போன்ற யோசனைதான் இது. தேங்காய்த் தீவு நிலையத்தின் இயக்குநராக இருந்த ரூத் கேட்ஸ் என்ற பெண் விஞ்ஞானி, ஆஸ்திரேலியாவின் மேடலின் வான் ஓப்பனுடன் சேர்ந்து இந்த ஆராய்ச்சியைத் தொடங்கினார். 2018இல் கேட்ஸ் காலமான பின்னும் அப்பணி தொடர்கிறது.

அங்கேயே பணியாற்றும் மேரி ஹேகடார்ன் வேறொரு வழியில் சென்றார். ஹவாயின் அரிசிப் பவளம் கோடை மாதங்களில், அமாவாசையை ஒட்டிய இரவுகளில்தான் இனப்பெருக்கச் செல்களை நீரில் விடும். அந்த நேரத்தில் விந்தணுக்களைச் சேகரித்து, திரவ நைட்ரஜனின் 196 டிகிரி உறைகுளிரில் (பூஜ்யத்துக்குக் கீழே!) பாதுகாத்து வைக்கும் முறையை அவரது குழு உருவாக்கியது. பவளங்களுக்கு இது ஒரு விதை வங்கி.

வேர் எங்கே?

ஆனால் சூட்டின் வேர் காற்றிலே இருக்கிறது. ஹவாயின் மவுனா லோவா எரிமலைச் சரிவில் சார்ல்ஸ் கீலிங் 1958இல் அளக்கத் தொடங்கியபோது, காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 315 பங்கு கரியமிலவாயு இருந்தது. இப்போது அது 420 பங்கைத் தாண்டிவிட்டது. நிலக்கரியும் பெட்ரோலியமும் எரிப்பதே முதன்மைக் காரணம்.

இவ்வாயுவில் ஒரு பகுதி கடலில் கரைகிறது. ஓவாஹூவுக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு ஹவாய்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1988 முதல் ஏறத்தாழ மாதந்தோறும் கப்பலில் சென்று நீரைச் சோதிக்கின்றனர். கடல்நீரின் பி.எச். அளவு படிப்படியாகக் குறைந்துவருவதை அந்த அளவீடுகள் காட்டுகின்றன. தொழிற்புரட்சிக் காலத்திலிருந்து உலகக் கடற்பரப்பின் பி.எச். சுமார் 8.2இலிருந்து 8.1 ஆகியுள்ளது. 0.1 தானே என்று எண்ணாதீர்கள். பி.எச். மடக்கை அளவு, 0.1 குறைந்தால் ஹைட்ரஜன் அயனிகள் 26 சதவீதம் கூடியுள்ளன என்று பொருள். கடல் அமிலமாகிவிடவில்லை, ஆனால் பாலிப்புக்கு வீடு கட்டுவது கடினமாகி வருகிறது.

எனவே பவளத்தைக் காப்பது கடலில் மட்டும் முடியும் வேலையன்று. ஹவாய் மாநிலம் தன் மின்சாரம் முழுவதையும் 2045க்குள் சூரியன், காற்று போன்ற புதுப்பிக்கத்தக்க ஆற்றல்களிலிருந்து பெறுவதென 2015இல் சட்டம் இயற்றியது. பயன்படுத்தும் அளவு ஆற்றலைத் தானே உற்பத்தி செய்யும் நிலையை 2035க்குள் பல்கலைக்கழகம் அடைய வேண்டும் என்ற இலக்கும் அவ்வாண்டே வகுக்கப்பட்டது. இலக்கு எட்டப்படுகிறதா என்பதை உங்கள் தலைமுறை கண்ணால் காணும்.

செய்து பாருங்கள்

சிறிது சுண்ணாம்பை ஒரு பாட்டில் நீரில் கலக்கி, இரவு முழுதும் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் வடித்தெடுங்கள். இது சுண்ணாம்பு நீர். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சோதனைக் குழாயில் இதை எடுத்து, உறிஞ்சு குழல் வழியே மெதுவாக ஊதுங்கள், தவறியும் உறிஞ்சிவிடாதீர்கள். நீர் பால்போல் வெண்மையாகும். மூச்சிலுள்ள கரியமிலவாயு சேர்ந்து உண்டான கால்சியம் கார்பனேட் துகள்களே அந்த வெண்மை. பவளத்தின் வீடும் இப்பொருளே.

பெரும்பாலோர் இத்துடன் நிறுத்திவிடுவர். நீங்கள் நிறுத்தாதீர்கள். உங்கள் ஆசிரியரின் உதவியோடு, சலவைக்கல் துண்டுகளில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றிப் பெறும் கரியமிலவாயுவை அதே குழாயில் தொடர்ந்து செலுத்துங்கள். வெண்மை மறைந்து நீர் மீண்டும் தெளியும். கரியமிலவாயு மிகுந்ததால் கார்பனேட் கரைந்துவிட்டது! கடலில் இவ்வளவு கடுமையாக நடப்பதில்லை. ஆனால் திசை இதுவே.

சிந்தனைக்கு

1. ஒரு கடற்பகுதியில் கோடை உச்ச மாதத்தின் சராசரி வெப்பநிலை 27.5 டிகிரி. அங்கே நான்கு வாரங்கள் வெப்பநிலை 29 டிகிரியாக நீடிக்கிறது. மிகுதியான டிகிரியை வாரங்களால் பெருக்கி வரும் எண் 4ஐ எட்டினால் வெளிறலை எதிர்பார்க்கலாம் என்பது விதி. இங்கே வெளிறல் நிகழுமா?

2. சூடேறிய பவளங்களைச் சோதனைக்குப் பின் பாதி ஒளியில் வைத்தபோது மரணம் குறைந்தது. ஏன்? பாசியை நினைத்துப் பாருங்கள்.

3. மன்னார் வளைகுடாவின் பவளங்கள் 2010இலும் 2016இலும் வெளிறின. நீரைச் சூடேறாமல் தடுப்பது ஓர் ஊரால் முடியாது. ஆனால் ஓர் ஊரால் செய்ய முடிந்தது என்ன? கனியோஹே விரிகுடாவின் கதையில் இதற்கு விடை இருக்கிறது. உங்கள் ஊர்க் கழிவுநீர் எந்த வாய்க்கால் வழியே எங்கே போய்ச் சேர்கிறது என்று கண்டறிந்து, ஒரு படம் வரையுங்கள்.